கள்ளித்தீவுக்கு எட்டுப் பேர்

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. இன்று காலை 7.15க்கு அப்பா தன் போனை என்னிடம் கொடுத்தார். விளையாடுவதற்கு அல்ல. படகு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எண்கள் மட்டும்தான் தெரியும். "பிலோ, லீவு முடியிற வரைக்கும் நீதான் ஆபிசு" என்றார்.

அதனால்தான் இந்த நோட்டு. பழங்காலக் கப்பல்களில் தலைவன் ஒரு குறிப்பேடு வைத்திருப்பான் என்று பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நாளும் நேரமும் காற்றும் இல்லாமல் அவன் எதையும் எழுதமாட்டான். நானும் அப்படியே எழுதுவேன். நேரம் போடாத குறிப்பை யாரும் நம்ப வேண்டியதில்லை.

எங்கள் ஊர் கிளாத்திமுனை. எதிரே, படகில் முக்கால் மணி நேரத்தில், கள்ளித்தீவு. தீவும் அதைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் இப்போது கடல் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, பாசி எடுக்கக் கூடாது, தீவில் கால் வைக்கவே கூடாது. ஆனால் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பார்க்கிற ஸ்கூபாகாரர்களைக் கூட்டிப்போக இந்த ஆண்டு மூன்று படகுகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று அப்பாவுடையது. ஒரு படகில் எட்டுப் பேர்தான் போகலாம். அப்பா, கடலுக்குள் வழிகாட்டும் யூஜின் மாஸ்டர், வருகிறவர்கள் ஆறு பேர்.

என் வேலை: எட்டுப் பேரின் பெயர், வயது, அடையாள எண் எல்லாவற்றையும் படிவத்தில் நிரப்பி, முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் பூங்கா அலுவலகத்துக்கு மெயில் அனுப்புவது. தீவுப் பக்கம் போனில் சிக்னல் கிடைக்காது. அதனால் அலுவலகம் எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் கரையில் இருக்கும் என்னைத்தான் கூப்பிடும்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று வந்த கேள்விகள்: நீச்சல் தெரியாது, பரவாயில்லையா? சுறா கட்டாயம் வருமா? மதியச் சாப்பாட்டில் வெங்காயம் இல்லாமல் செய்ய முடியுமா? மீன்கள் எத்தனை மணிக்கு வரும்?

கடைசிக் கேள்வியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஒம்பது மணிக்குப் பெல் அடிச்சா வரிசையா வரும்னு போடு" என்றார். நான் அப்படிப் போடவில்லை. காலை வெளிச்சத்தில் நீர் தெளிவாக இருக்கும் என்று எழுதினேன்.

மாலை 5.20க்குப் பூங்கா அலுவலகத்திலிருந்து செல்லப்பாண்டி சார் போன் செய்தார். அங்கே அவர் வனக்காவலர். என் படிவத்தில் மட்டும்தான் ஒரு தப்பும் இல்லையாம். "நீ என்னம்மா படிக்கிற? பத்தாவது போறியா? நான் ஏதோ ஆபிஸ்ல வேல பாக்குற பொண்ணுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அம்மாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது செலஸ்தீனா சித்தி என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். சித்தி அம்மாவின் தங்கை, பக்கத்து வீடு. சித்தப்பா பஹ்ரைனில் மீன்பிடிக்கிறார். அவர் போன் செய்வது குறைந்துகொண்டே போகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"ஏ கலெக்டரம்மா, ஒன் லிஸ்டுல எனக்கு ஒரு எடம் போடேன்."

"ஆறு பேரும் நெறஞ்சிட்டாங்க சித்தி."

"ஊர்க்காரிக்கு எடமில்ல, பெங்களூர்க்காரனுக்கு எடமிருக்கு. நல்லா நடத்துறீங்கடி ஆபிசு."

சித்தி பாசி எடுப்பவள். சேலைமேல் ஆண்கள் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பாள். அது கம்பெனிக்குப் போகும். ஜெல்லியையும் இனிப்பையும் கட்டியாக்கும் பொருளை அதிலிருந்து எடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். பூங்கா வந்த பிறகு, நல்ல பாசி இருக்கும் பாறை எல்லாம் எல்லைக்குள் போய்விட்டது. சித்தியும் மோட்சம் அக்காவும் மற்றவர்களும் திருட்டுத்தனமாகத்தான் போகிறார்கள். ரோந்துப் படகின் சத்தம் கேட்டால் தீவுக்குள் ஓடிப் புதருக்குள் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், சத்தம் முழுக்க அடங்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது. சித்தி அதை நடித்துக் காட்டினாள். மோட்சம் அக்கா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிற்பகலில் சித்தியுடன் கரையில் பாசி காயப் போட்டேன். ஈரப்பாசியைச் சாக்கிலேயே விட்டால் சூட்டில் வெந்து வீணாகிவிடும். எடுத்த அன்றே மணலில் பரப்ப வேண்டும். கருஞ்சிவப்பாக இருக்கும் பாசி வெயில் பட்ட பக்கம் வெளுக்கும். மறுநாள் மதியம் புரட்டிப் போட வேண்டும். அப்போது வெளுத்த பக்கம் அடியில் போய்க் கருத்த பக்கம் மேலே வரும். நான் இன்றே புரட்டப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது. "ஒரு நாள் முழுசாப் போகட்டும்டி. படிச்ச புள்ளைக்கு அவசரத்தப் பாரு."

ஏப்ரல் 29, செவ்வாய்

மதியம் 12.40. அம்மாவும் அப்பாவும் சண்டை.

"நீங்க மட்டும் தெனம் கள்ளித்தீவுக்குப் போவீங்க, எந்தங்கச்சி கரையில நின்னு பாக்கணுமா?"

"பெர்மிட்டு வேடிக்க பாக்க வர்றவனுக்குக் குடுத்தது. பாசிக்கா குடுத்தான்?"

"ஒங்க படக மட்டுந்தான் அவங்க செக் பண்றதில்ல. போற வழியில எறக்கிவிட்டு, வர்ற வழியில ஏத்திக்கிட்டா என்ன கொறஞ்சிரும்? மாசம் ரெண்டாச்சு அவ நல்ல பாசி எடுத்து. அவ அடுப்ப வந்து பாத்தீங்களா?"

அப்பா சிலிண்டர்களைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

ஏப்ரல் 30, புதன்

காலை 5.45. காற்று இல்லை. சித்தியும் படகில் போனாள். தீவின் வடக்குப் பக்கம் அலை அடிக்காத இடத்தில் அவளை இறக்கிவிட்டு, ஸ்கூபாகாரர்களை அப்பா தெற்குப் பக்கம் கூட்டிப்போவார். முடிந்ததும் சுற்றி வந்து ஏற்றிக்கொள்வார். வந்தவர்கள் சித்தியைச் சமையல்காரம்மா என்று நினைத்துக்கொண்டார்கள்.

நேற்றுப் பிற்பகல் பட்டியல் எழுதும்போது சித்தியின் பெயரை எங்கே எழுதுவது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எட்டுக்கு மேல எழுதினா பெர்மிட்டக் கிழிச்சிருவாங்க. எழுதாட்டி ஒரு கேள்வியும் கெடையாது. ஒன் லிஸ்டு சுத்தமா இருக்கணுமா இல்லையா?"

இருக்க வேண்டும். சுத்தமாகத்தான் இருக்கிறது.

11.50க்குத் திரும்பினார்கள். மூன்று சாக்கு.

மே 2, வெள்ளி

சித்தி இரண்டாம் முறை போய் வந்தாள். எனக்கு ஒரு சோழி கொண்டுவந்தாள். பூங்காவிலிருந்து சோழி எடுப்பது சட்டப்படி குற்றம் என்றேன். "அப்பச் செல்லப்பாண்டி சாருக்குப் போனப் போட்டுப் புடிச்சுக் குடு" என்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

சோழி என் பென்சில் டப்பாவில் இருக்கிறது.

மே 4, ஞாயிறு

நாளைக்குப் பெங்களூரிலிருந்து ஆறு பேர். மாளவிகா என்பவர்தான் எல்லாருக்குமாக எழுதுகிறார். ரொம்ப மரியாதையாக எழுதுகிறார், ஒவ்வொரு செய்தியிலும் நன்றி. படிவம் 3.10க்கு அனுப்பிவிட்டேன்.

காற்று நிலவரம் பார்த்தேன். நாளை மதியத்துக்கு மேல் பலத்த காற்று என்று போட்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "கச்சான் வர இன்னும் நாளு கெடக்கு. எப்படியும் மதியத்துக்குள்ள வந்துருவோம்." கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. அது எழுந்தால் எங்கள் கரையில் படகு இறக்க முடியாது.

மே 5, திங்கள்

5.40. படகு கிளம்பியது. காற்று லேசாகத் தென்கிழக்கிலிருந்து. பட்டியல்படி எட்டுப் பேர். சித்தி மஞ்சள் சட்டை போட்டிருந்தாள், சித்தப்பா விட்டுப்போன சட்டை. ஏறும்போது என்னைப் பார்த்து ஆபிசருக்கு வைப்பதுபோல் சல்யூட் வைத்தாள்.

8.00. அம்மாவுடன் துணி துவைத்தேன்.

10.30. காற்று திரும்பிவிட்டது. கச்சான். கொடியிலிருந்த பெட்ஷீட் பறந்து கருவைமுள்ளில் மாட்டிக்கொண்டது.

அலுவலகத்திலிருந்து செல்லப்பாண்டி சார் போன் செய்தார். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

12.50. படகு வந்தது. பின்னாலேயே ரோந்துப் படகும் வந்தது. இறங்க இறங்க எண்ணினேன். மாளவிகாவும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும், யூஜின் மாஸ்டர், அப்பா. எட்டு. பட்டியலோடு சரியாக இருந்தது.

அம்மா, "செலஸ் எங்கங்க?" என்றாள். அப்பா ரோந்துப் படகு நின்ற பக்கம் பார்த்துவிட்டு, உதடு அசையாமல், "வாய மூடு" என்றார்.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் சொன்னார். ஆறு பேரும் இரண்டாம் முறை முங்கி ஏறிக்கொண்டிருந்தபோது ரோந்துப் படகு வந்திருக்கிறது. காற்று ஏறுகிறது, உடனே கரைக்குப் போக வேண்டும், நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்றார்களாம். தலையை எண்ணி, என் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, சரி என்றார்களாம். அப்பா வடக்குப் பக்கம் சுற்றி வர முடியவில்லை. சுற்றினால், ஏன் என்று கேட்பார்கள்.

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே!" என்று அம்மா கத்தினாள்.

"சொன்னா பெர்மிட்டு போகும், படகு போகும், நான் உள்ள போவேன். அவளுந்தான் உள்ள போவா. அவளுக்குத் தெரியாத தீவா அது? பொறந்ததுலருந்து அங்கதான் கெடக்கா. காத்து கொஞ்சம் அமந்ததும் நானே போயிக் கூட்டிட்டு வந்துருவேன்."

3.30. நான் படகைக் கழுவப் போனேன். முன்பக்கப் பலகைக்குக் கீழே சித்தியின் பச்சை நிறத் தண்ணீர் பாட்டில் கிடந்தது. நிறைய இருந்தது. பக்கத்தில் தூக்குச்சட்டி. இரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

6.00. காற்று அமரவில்லை. அலை, கரையைக் காக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில்வளைவுக் கல்லைத் தாண்டி விழுகிறது. அப்பா கரையில் நின்றுகொண்டே இருக்கிறார்.

மே 6, செவ்வாய்

5.00. அப்பாவும் மோட்சம் அக்காவின் கணவரும் சின்ன வள்ளத்தை இறக்கினார்கள். மூன்றாவது அலையில் வள்ளம் கவிழ்ந்தது. அப்பாவின் முழங்கை கிழிந்துவிட்டது. மறுபடி இறக்கினார்கள். மறுபடி கவிழ்ந்தது.

8.15. மோட்சம் அக்கா வந்தாள். "பயப்படாதீங்க. நேத்து பக்கத்தூர்க்காரிக வள்ளமும் அங்க போயிருக்கும். அவளுகளோட ஏறி அவளுக ஊருக்குப் போயிருப்பா. போன வருசம் நான் அப்படித்தானே வந்தேன்?" எல்லாருக்கும் மூச்சு வந்தது. சித்தியின் போன் வீட்டில்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவாள். அதனால் அவளால் சொல்லவும் முடியாது. மோட்சம் அக்கா பஸ் ஏறிப் போயிருக்கிறாள், விசாரித்து வர.

9.40. யூஜின் மாஸ்டர் பையோடு வந்தார். பாண்டிச்சேரிக்குப் போகிறாராம், அவருடைய அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம். அப்பாவிடம், "தலைவரே, நான் எதையும் பாக்கல. யாராவது கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அப்பா தலையாட்டினார். யூஜின் மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கமாக என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார்.

11.00. நாளைக்குப் பதிவு செய்தவர்களுக்கு, காற்றினால் ரத்து என்று எழுதினேன். நான்கு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

வெயில் 38 டிகிரி என்று போனில் காட்டுகிறது. கள்ளித்தீவில் கிணறு இல்லை. புவியியல் பாடத்தில் படித்தேன், பவளத்தீவுகளில் மழைநீர் மணலுக்கடியில் தங்கியிருக்குமாம். மழை பெய்து எவ்வளவு நாளாயிற்று என்று முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இந்த நோட்டைத் தொடங்கியதற்குப் பிறகு பெய்யவில்லை.

1.25. மாளவிகாவிடமிருந்து செய்தி. பயணம் அருமையாக இருந்ததாம், படங்கள் அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு வரி: மஞ்சள் சட்டை போட்டிருந்த அந்த அம்மா பத்திரமாக வந்துவிட்டாரா? திரும்பும்போது படகில் அவரைக் காணவில்லையே, கேட்டதற்கு வேறு படகில் வருவார் என்று உங்கள் அப்பா சொன்னார்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். படங்களை இன்னொரு முறை காட்டச் சொன்னார். பிறகு, "நல்லபடியா வந்துட்டாங்கன்னு போடு" என்றார்.

ஒரு படத்தில் சித்தி இருக்கிறாள். படகின் ஓரத்தில், முதுகு மட்டும்.

பதில் அனுப்பினேன். எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

5.50. மோட்சம் அக்கா திரும்பி வந்தாள். பக்கத்தூர் வள்ளம் எதுவும் நேற்றுக் கடலுக்கே போகவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவள் எங்கள் வாசலில் உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்பா, "காலையில காத்து அமந்துரும், காலையில காத்து அமந்துரும்" என்று அதையே சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றாள். போன் என் பாவாடைப் பையில் இருந்தது.

மே 7, புதன்

6.15. செல்லப்பாண்டி சாருக்குப் போன் செய்தேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் போய் நின்று பேசினேன். சித்தியைக் காணோம், திங்கட்கிழமை கள்ளித்தீவுப் பக்கம் பாசிக்குப் போனாள் என்றேன். யார் படகில் என்று கேட்டார். தெரியாது என்றேன். "இரும்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரமாக நடந்தது. பெரிய படகு ஒன்று வந்தது, காற்றிலும் போகக்கூடியது. அப்படி ஒரு படகு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

10.40. சித்தியைக் கண்டுபிடித்தார்கள்.

மே 8, வியாழன்

அடக்கம் மாலை 4.30க்கு. சித்தப்பாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வீடியோ காலில் பார்த்தார். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண் போடும்போது, "கொஞ்சம் கிட்டக்கக் காட்டும்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது அம்மாவின் காதிலும் என் காதிலும் விழுந்தது. கண்டெடுத்தபோது உயிர் போய் ஆறேழு மணி நேரம்தான் ஆகியிருந்ததாம். தண்ணீர் இல்லாமலும் வெயிலாலும் என்றார். கடலில் முங்கிச் சாகவில்லை.

ஆறேழு மணி நேரம் என்றால் புதன் விடியற்காலை. திங்கட்கிழமை அல்ல. செவ்வாய்க்கிழமையும் அல்ல.

மே 9, வெள்ளி

அப்பாவை நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், இன்று 2.00 மணிக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே சொன்னது இது: செலஸ்தீனா யார் படகில் போனாள் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய் சாயங்காலம் வரை வீட்டுக்கு வராததால்தான் காணோம் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் தகவல் சொல்லிவிட்டோம்.

அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னினாள். மூன்று நாளாக யாரும் பின்னவில்லை. பின்னிக்கொண்டே சொன்னாள்: "அவ போயிட்டா. இனி என்ன சொன்னாலும் வரமாட்டா. ஒங்கப்பனும் உள்ள போயிட்டா நாம எங்கடி போறது? ஒன்னக் கேட்டா அப்பா சொன்னதையே சொல்லிரு. ஒங்கிட்ட ஒண்ணும் பெருசாக் கேக்கமாட்டாங்க, நீ சின்னப் புள்ள."

முடிச்சுப் போட்டுவிட்டு என் முதுகில் நெற்றியை வைத்து அழுதாள். முதலில் சித்தியைப் படகில் ஏற்றிக்கொள்ளச் சொன்னது அவள்தான். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 10, சனி

11.00க்குச் செல்லப்பாண்டி சார் வீட்டுக்கு வந்தார். போனில் கேட்ட குரலுக்கு உயரமானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். குள்ளமாக, நரைத்த மீசையோடு இருந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார். அம்மா நாற்காலி போட்டாள். அப்பா சுவரோரம் நின்றார்.

"தகவல் சொன்னது நீதாங்கிறதால ஒரு படிவம் நீ எழுதித் தரணும்மா. பயப்படாத. அதுக்கு முன்னாடி இதப் பாரு, ஒங்க சித்தியோடதுதானான்னு சொல்லு."

தன் போனில் படங்களைக் காட்டினார். சித்தி கிடந்த இடத்தைக் காட்டவில்லை. சாக்கு. கண்ணாடி. விரலில் சுற்றும் துணிகள், கழற்றி ஒரு கிளையில் வரிசையாகப் போட்டிருந்தாள். பிறகு மணல்மேல் பரப்பிய பாசி. கரையில் பரப்புவதுபோலவே, பாய் அளவுக்கு ஓரம் நேராக.

"ஆமா சார். சித்தியோடதுதான்."

"பாவம். அந்த நெலமையிலயும் பாசியக் காயப் போட்டுருக்கு பாரு."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இருந்த பக்கம் இன்னும் முழுக்க வெளுக்காமல் கருத்திருந்தது. ஓரத்தில் காற்றில் மடங்கிய இடத்தில் அடிப்பக்கம் தெரிந்தது. வெளுத்திருந்தது.

"சார், இத நீங்க யாராவது தொட்டீங்களா?"

"இல்லம்மா. பாத்ததும் எடுத்த போட்டோ. ஏன்?"

புரட்டிப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை பரப்பி, ஒரு நாள் முழுசாகக் காயவிட்டு, செவ்வாய் மதியம் புரட்டிப் போட்டிருந்தாள். செவ்வாய் மதியம் சித்தி எழுந்து நடந்து, குனிந்து, ஓரம் நேராக்கியிருக்கிறாள். அப்பா வந்ததும் சாக்கில் அள்ளிக்கொண்டு ஏறலாம் என்று. அந்த நேரத்தில்தான் நான் மாளவிகாவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"செவ்வாக்கிழமை நீங்க தீவுப் பக்கம் போனீங்களா சார்?"

அவர் மீசையைத் தடவினார். "வழக்கமான ரோந்து. அந்தப் பெரிய படகுதான். மூணு மணிக்குச் சுத்தி வந்தாங்க. ரொம்பக் கிட்டத்துல. ஆளு யாரும் கண்ணுல படல. பட்டிருந்தா…" என்று நிறுத்தினார்.

படாது. சத்தம் கேட்டதும் சித்தி புதருக்குள் ஓடியிருப்பாள். குப்புறப் படுத்திருப்பாள். முழுக்க அடங்கும்வரை தலையைத் தூக்கியிருக்கமாட்டாள். தேடித்தான் வருகிறார்கள் என்றால் எழுந்து கையை ஆட்டியிருப்பாள். ஆனால் அவர்கள் தேடி வரவில்லை. தேட வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தாம் தேதி நான் இந்த நோட்டில் ஒரு வரிக்கு நேரம் போடவில்லை. இப்போது போடுகிறேன். 11.10. செல்லப்பாண்டி சார் கேட்டது இது: "பிலோ, காத்து ஏறுது, கடல்ல இருக்கிற எல்லாரையும் கரைக்குக் கொண்டுவரச் சொல்லிட்டோம். ஒங்க படகு எட்டுப் பேருதானே? அதுக்கு மேல வேற யாராவது தீவுப் பக்கம் இருக்காங்களா? இருந்தா சொல்லிரும்மா, அவங்களையும் ஏத்திட்டு வந்துருவாங்க." அவர் இரண்டு முறை கேட்டார். நான் சித்தியின் மஞ்சள் சட்டையை நினைத்துக்கொண்டே, "இல்ல சார், எட்டுதான்" என்றேன். "ஒன் லிஸ்டுன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் படிவத்தை என் முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில், அன்று எங்கள் படகில் சென்றவர்கள் பெயர். எட்டுக் கோடுகள் இருந்தன. அப்பா சுவரோரத்திலிருந்து, "பிலோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதட்டவில்லை. முழங்கைக் காயத்தின் பிளாஸ்திரி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் ஒரு முறை பார்த்தேன். மறுபடி பார்த்தால் எழுத முடியாது என்று தெரிந்தது.

எட்டுப் பெயர்களையும் எழுதினேன். ஸ்கேல் வைத்து அடியில் இன்னொரு கோடு போட்டேன். செலஸ்தீனா, வயது 34. அடையாள எண் தெரியவில்லை, அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

செல்லப்பாண்டி சார் நான் எழுதுவதைப் படித்துக்கொண்டே இருந்தார். அவர் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

கடைசிக் கேள்வி: ஆள் தீவில் விடுபட்டது உங்களுக்குத் தெரியவந்த நாள், நேரம்.

மே 5 என்று எழுதினேன். பிறகு 12.50 என்று எழுதினேன். படகிலிருந்து எட்டுப் பேர் இறங்கிய நேரம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டு, பக்கத்தில் 11.10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.